குறையாத குப்பி

மாரண்டஹள்ளிக்குத் தெற்கே, தக்காளித் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் அந்தச் சிற்றூரில் தீர்த்தம்மாளைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "அவுங்க வூட்டுல ஒரு சொம்பு தண்ணி வாங்குனாக்கூட சேலை நனையாம வர முடியாதுங்க." எதையும் குறையாகக் கொடுக்க அவளுக்குக் கை வராது.

பென்னாகரம் பக்கம் பிறந்தவள். வாங்கிய கிண்ணத்தைக் காலியாகத் திருப்பக் கூடாது, கொடுக்கிற படியைத் தலைதட்டிக் கொடுக்கக் கூடாது என்று இரண்டு சட்டங்கள் அந்த வீட்டில் இருந்தன. பிறந்த வீட்டுச் சட்டங்களில் மற்றதெல்லாம் கல்யாணத்தோடு மறந்துபோயிற்று. இந்த இரண்டும் ஒட்டிக்கொண்டன. மகளை வயிற்றில் சுமந்திருந்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்துச் சிறுநீர் பிடித்துவரச் சொன்னார். தீர்த்தம்மாள் விளிம்புவரை நிரப்பி, ஒரு சொட்டும் சிந்தாமல், மாவிளக்கு எடுத்துவருவதுபோல இரண்டு கையாலும் ஏந்தி வந்தாள். நர்ஸ் மூடியை அழுத்தியதும் பாதி அவர் கையில் வழிந்தது. "இவ்ளோ எதுக்கும்மா!" என்று அவர் அலறியதை, விருந்தாளிகள் இலையில் கை மறித்துச் சொல்லும் "போதும் போதும்" என்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

குடும்ப அட்டைக்கு விண்ணப்பம் எழுதியபோதும் அப்படித்தான். 'பிற விவரங்கள்' என்ற கட்டம் காலியாகக் கிடந்ததைப் பார்த்து அவளுக்கு மனசு கேட்கவில்லை. பேனாவை மூடிவிட்ட மகளை மறுபடி திறக்கச் சொல்லி, 'மாடு ஒன்று. பெயர் செவப்பி. உதைக்காது' என்று எழுத வைத்துத்தான் விட்டாள்.

அந்தச் செவப்பிதான் அவளுக்கு வீட்டுத் துணை. கணவர் சின்னராஜ் ஓசூரில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் வேலை பார்த்துவிட்டுச் சனிக்கிழமை வருவார், ஞாயிறு போய்விடுவார். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. மீதி நாளெல்லாம் அரை ஏக்கர் தக்காளியும் இந்தச் சிவப்புக் கலப்பின மாடும்தான். தாய் செத்துப்போன கன்றாக வந்ததைப் புட்டியில் பால் கொடுத்து வளர்த்தவள் தீர்த்தம்மாள். செவப்பி வேறு யார் கைக்கும் பால் விடாது.

இந்த வருஷம் ஆறு மாதச் சினையாக இருந்த செவப்பி கன்று வீசிவிட்டது, நாள் வருமுன்பே செத்த கன்று விழுந்துவிட்டது. அதைத் தீர்த்தம்மாள் வெறுங்கையால் தூக்கிக் குழிதோண்டிப் புதைத்துவிட்டு வந்தாள். மூன்றாம் நாள் தருமபுரியிலிருந்து டாக்டர் காவியா வந்து சேர்ந்தாள். மாடுகளுக்கான ஆய்வகத்தில் வேலை பார்க்கும் சின்னப் பெண். கன்று வீச்சு நோய் என்று ஒன்று உண்டு, நுண்ணுயிரியால் வருவது, மாட்டிலிருந்து மனிதருக்கும் தொற்றும். அதைக் கண்டுபிடிக்கும் மூன்று சோதனைகளில் எது உண்மை சொல்கிறது, எது பொய் சொல்கிறது என்று அறுபது மாடுகளை வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். செவப்பி முப்பத்தேழாவது.

"வெறுங்கையாலயா பொதச்சீங்க? கையுறை போடணும்க்கா! சோப்பு போட்டாச்சும் கழுவினீங்களா?"

"மூணு தடவ கழுவுனேன் டாக்டரம்மா. சோப்பே தீந்துபோச்சு."

காவியா ஒரு கண்ணாடிக் குப்பியைக் கொடுத்தாள். "சாயங்காலம் கறக்கறப்ப இதுல பால் புடிச்சு வையுங்க. காலையில வந்து ரத்தமும் எடுத்துக்கிட்டு இதையும் வாங்கிக்கறேன்."

எவ்வளவு பால் என்று அவள் சொல்லவில்லை. ஐந்தாறு வருஷம் படித்தவள் செய்த பிழை அது ஒன்றுதான். தீர்த்தம்மாள் வீட்டில் அந்தப் பிழை போதும்.

அன்று சாயங்காலம் செவப்பிக்கு மடிவலி. குப்பியில் பாதிதான் விழுந்தது. அரசாங்க ஆபீசுக்குப் போகிற குப்பியைப் பாதியாகக் கொடுப்பதா? தீர்த்தம்மாள் அதைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். அடுப்படி அலமாரியில், பக்கத்து வீட்டு ரோசம்மாள் கொடுத்தனுப்பிய சீம்பால் ஒரு டம்ளர் இருந்தது. அவள் மாடு கன்று போட்டு இரண்டாம் நாள். தீர்த்தம்மாள் அதை அப்படியே குப்பியின் கழுத்துவரை ஊற்றி, மூடினாள். பால் கொஞ்சம் மஞ்சளாகவும் கெட்டியாகவும் ஆயிற்று. அரசாங்கத்துக்குப் போவது கொஞ்சம் ஒசத்தியாக இருப்பதில் தப்பில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் காவியா செவப்பியின் கழுத்து நரம்பில் ரத்தம் எடுத்தாள். குப்பியைப் பனிப்பெட்டிக்குள் இருந்த பத்துப் பன்னிரண்டு குப்பிகளோடு சொருகினாள். போய்விட்டாள்.

எட்டாம் நாள் முடிவு வந்தது. பால் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர் முனியப்பனுக்கு வந்தது. முனியப்பன் எழுத்தில் இருப்பதை மட்டும் நம்புகிறவர். மழை பெய்துகொண்டிருந்தாலும் வானிலைச் செய்தியில் சொல்லியிருந்தால்தான் குடை பிடிப்பார். பால் ஊற்ற வந்தவர்கள் கேனோடு நிற்க, தாளைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து வாசித்தார்.

"பால் வளையச் சோதனை, பாசிட்டிவ். ரத்தத்துல செஞ்ச ரோஸ் பெங்கால் சோதனை, நெகட்டிவ். ரத்தத்துல செஞ்ச எலிசா சோதனை, ஐயம். மூணு வாரம் கழிச்சு மறுபடியும் பாக்கணும்."

"எங்க மதினி பேருகூட எலிசாதான்," என்றாள் ரோசம்மாள். "அவளும் இப்பிடித்தான். ஒண்ணையும் உறுதியா சொல்ல மாட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். தீர்த்தம்மாள் சிரிக்கவில்லை. "அப்ப என் மாட்டுக்குச் சீக்கு இருக்குதுங்களா, இல்லீங்களா?"

முனியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்மா, பாலு எப்ப எடுத்துக் குடுத்த?"

"சாயங்காலம்ங்க."

"ரத்தம்?"

"காலையிலங்க."

முனியப்பன் தாளின் ஓரத்தில் எழுதினார். எழுத எழுத அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "அப்ப கணக்கு சரிதான். காலையில உன் மாடு நல்ல மாடு. சாயங்காலம் சீக்கு மாடு. காலைப் பால கொண்டா. சாயங்காலப் பால கொண்டாராத."

"ஒரே மாடுதானுங்களே!"

"எழுத்துல அப்பிடி இல்லியே."

"அப்ப எலிசாவுக்கு?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

முனியப்பன் யோசித்தார். "அது மத்தியானப் பால். மத்தியானம் யாரும் கறக்கறதில்ல. அதனால பிரச்சன இல்ல."

காவியாவுக்குப் போன் போட்டார்கள். அவள் எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "சார், மாடு ஒண்ணுதான். முடிவு தெரியற வரைக்கும் எந்த வேளைப் பாலும் ஊத்த வேண்டாம்," என்றாள். முனியப்பன் மிகப் பணிவாக, "அதை எழுத்துல அனுப்புங்க மேடம்," என்றார். அவள் அனுப்பிய கடிதம் மேலதிகாரியின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அதுவரை காலைச் செவப்பி நல்லவள், மாலைச் செவப்பி கெட்டவள் என்றே ஊர் நடந்துகொண்டது. காலையில் அவளைக் கடந்துபோகிறவர்கள் கழுத்தைத் தடவிக்கொடுத்தார்கள். பொழுது சாய்ந்ததும் அதே ஆட்கள் தங்கள் மாடுகளை அந்தப் பக்கம் ஓட்டாமல் சுற்றிப் போனார்கள்.

தீர்த்தம்மாள் சட்டத்துக்குள் வழி தேடிப் பார்த்தாள். "ஏனுங்க செக்ரட்டரி, சாயங்காலம் கறக்காம வுட்டு, காலையில ரெண்டையும் சேத்துக் கறந்தா?"

"அதுல பாதி சாயங்காலப் பாலுதான."

அவளுக்கே அது மனசுக்கு ஒப்பவில்லை; நிஜமாகவே சீக்கு இருந்தால் காலைப் பாலும் சீக்குதானே? டாக்டரம்மா சொன்னதே நியாயம் என்று காலைப் பாலையும் அவளாகவே நிறுத்திக்கொண்டாள். இரண்டு வேளையும் கறந்து, பொங்கக் காய்ச்சி, கொல்லைக் குழியில் ஊற்றிச் சுண்ணாம்பு தூவினாள். நிறைந்த பாத்திரத்தைக் குழியில் கவிழ்க்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை சின்னராஜ் வந்தார். விஷயம் முழுவதும் கேட்டார்.

"வித்துரலாம் புள்ள. சந்தையில தள்ளிட்டா ஒரு சங்கடமும் இல்ல. லாரி நானே புடிச்சாரேன்."

"சீக்கு மாடுன்னா வாங்கறவன் வூட்டுக்கும் போவுமே?"

"சீக்குன்னு யாரு சொன்னா? காலையில நல்லாத்தான இருக்குது. காலையில விப்போம்."

அவரும் முனியப்பன் வழிக்கு வந்துவிட்டதைப் பார்த்துத் தீர்த்தம்மாள் பயந்துபோனாள். "மறுபடியும் ரத்தம் எடுக்கற வரைக்கும் பொறுங்க. அதுல சீக்குன்னு வந்தா நானே தனியாக் கட்டி வச்சுக் கஞ்சி ஊத்தறேன். இல்லைன்னு வந்தா பேச்சே எடுக்கக் கூடாது."

"சரி. ரெண்டாவது டெஸ்டு முடிவு வர்ற சனிக்கெழம லாரியோட வருவேன். தெளிவா ஒரு காயிதம் காட்டுனா திருப்பி அனுப்பறேன். 'ஐயம்' 'கியம்'னா ஏத்திருவேன்."

காவியாவுக்கும் தூக்கம் கெட்டிருந்தது. ஐம்பத்தொன்பது மாடுகள் அவளுடைய அட்டவணையில் ஒழுங்காக உட்கார்ந்தன. முப்பத்தேழு மட்டும் மூன்று கட்டத்தில் மூன்று விதமாக நின்றது. இரண்டாவது வாரம் தருமபுரியிலிருந்து பஸ் பிடித்து அவளே வந்துவிட்டாள். மடியை அழுத்திப் பார்த்தாள், மடிநோய் இல்லை. குப்பியை எதில் கழுவினாள், எங்கே வைத்தாள் என்று ஒன்றுவிடாமல் கேட்டாள். கடைசியில், கேட்கத் தேவையில்லாத கேள்வி என்று நினைத்தே கேட்டாள்.

"அந்தக் குப்பியில இருந்தது முழுக்கச் செவப்பி பால்தானேக்கா?"

"பாதி," என்றாள் தீர்த்தம்மாள் பெருமையாக. "மீதி நம்ம ரோசக்கா வூட்டுச் சீம்பாலு. கொறையா குடுத்தா உங்களுக்கு மரியாதையா இருக்காதுங்களே."

காவியா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் தீர்த்தம்மாள் ஒரு செம்பு மோர் கொண்டுவந்தாள். செம்பு தளும்பி காவியாவின் மடி நனைந்தது.

"அக்கா, அந்த வளையச் சோதனை காவல் நாய் மாதிரி. திருடனைப் பாத்தாலும் குரைக்கும், விருந்தாளியைப் பாத்தாலும் குரைக்கும். சீம்பாலைப் பாத்தா கட்டாயம் குரைக்கும். நோய் இல்லாத மாட்டுச் சீம்பாலா இருந்தாலும் அதுல வளையம் வரலாம்."

இதைக் கேட்டுக்கொண்டே வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ரோசம்மாள் உள்ளே வந்தாள். "அடியே தீர்த்தா! ஆசையா குடுத்த சீம்பாலக் கொண்டுபோயி டெஸ்டுக்கு ஊத்துனியா? இப்ப என் மாட்டுக்குச் சீக்குன்னு அந்த முனியப்பன் எழுதிருவான்டி!"

"எழுத மாட்டாருக்கா."

எழுதிவிட்டார். குப்பியில் பாதி ரோசம்மாளுடையது என்பதால், ரோசம்மாளின் மாடு வாரத்தில் மூன்றரை நாள் பால் ஊற்றக் கூடாது என்று கணக்குப் போட்டிருந்தார். அரை நாளை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் அவருக்குக் குழப்பம்.

இதற்கு மேல் பேசிப் பயனில்லை என்று காவியா சோதனையைச் சங்கத்திலேயே செய்து காட்ட முடிவுசெய்தாள். மறுநாள் காலை மூன்று சோதனைக் குழாய்களையும் நீல மருந்தையும் கொண்டுவந்தாள். முதல் குழாயில் செவப்பியின் பால், கலப்பில்லாமல். இரண்டாவதில் ரோசம்மாள் மாட்டின் பால். பத்து நாளுக்கு முந்தைய சீம்பால் இப்போது இல்லையே என்று அவள் தயங்கியபோது முனியப்பன் முன்னால் வந்தார்.

"சீம்பால்தான வேணும்? என் மாடு முந்தாநாள்தான் கன்னு போட்டுது. நல்ல மாடு எப்பிடி இருக்கும்னு இவுங்களும் பாக்கட்டும்."

ஆக மூன்றாவதில் செயலாளர் வீட்டுச் சீம்பால். மூன்றிலும் ஒவ்வொரு சொட்டு நீல மருந்தை விட்டுக் குலுக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தினாள். ஒரு மணி நேரம் ஆகும். ஊரே உட்கார்ந்துவிட்டது. பொட்டுக்கடலை விற்கிறவர் வந்து சேர்ந்தார்.

ஒரு மணி நேரம் கழித்துக் காவியா குழாய்களைத் தூக்கினாள். செவப்பியின் குழாயிலும் ரோசம்மாளின் குழாயிலும் பால் முழுவதும் நீலமாகவே நின்றது, மேலே வெள்ளையாக ஏடு. செயலாளர் குழாயில் பால் வெளுத்திருந்தது. ஏட்டில் மட்டும் பளிச்சென்று ஒரு நீல வளையம்.

"பாத்தீங்களா!" என்று முனியப்பன் எழுந்தார். "அவுங்களுது ரெண்டும் அடிவரைக்கும் நீலம். முத்துன சீக்கு! நம்மளது பாலு வெள்ள வெளேர்னு இருக்குது."

"சார், வளையம் வந்தாத்தான் பாசிட்டிவ். பால் நீலமா இருந்தா நெகட்டிவ்."

"அதெப்பிடி? நீலம் கம்மியா இருக்கறதுதான நல்லது?"

"நீலம் மேல ஏட்டுல ஒட்டுனாத்தான் சார் கெட்டது."

கூட்டம் மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது. முனியப்பன் குழாயை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். வளையம் அசையவில்லை. ஆனால் அவர் நியாயஸ்தர். தனக்கென்று ஒரு சட்டம் வைத்துக்கொள்ள மாட்டார். "இது எந்த வேளைல கறந்தது?" என்று தன் மனைவியைக் கேட்டார்.

"காலையிலதான் கறந்தேன். நீங்கதான கேனு புடிச்சீங்க."

"அப்ப என் மாடு சாயங்காலத்துல நல்ல மாடு," என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அட முனியப்பா!" என்றாள் ரோசம்மாள். "உன் மாட்டுக்குச் சீக்கு இல்லடா. சீம்பாலுடா அது! அந்தப் புள்ள தொண்ட கிழியச் சொல்லுது."

காவியா எல்லோர் முன்னாலும் செயலாளர் மாட்டின் ரத்தத்தையும் எடுத்துக்கொண்டு போனாள். ரோஸ் பெங்கால் அட்டையில் நான்கு நிமிஷம் ஆட்டிப் பார்த்தும் அது கட்டிகட்டியாகத் திரியவில்லை; திரிந்தால்தான் சீக்கு. நோய் இல்லை என்று மதியமே போன் வந்தது. அதன் பிறகு முனியப்பன் வளையச் சோதனையைப் பற்றி யார் பேசினாலும், "அது குரைக்கும், கடிக்காது," என்று தானே கண்டுபிடித்ததுபோலச் சொல்ல ஆரம்பித்தார்.

ஆனால் செவப்பியின் எலிசா இன்னும் ஐயத்திலேயே இருந்தது. மூன்று வாரம் முடிந்ததும் காவியா மறுபடி வந்தாள். இந்த முறை குப்பியின் நடுவில் கறுப்பு மையால் ஒரு கோடு போட்டு, தீர்த்தம்மாளின் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றாள்.

"இதுக்கு மேல ஒரு சொட்டு கூடாதுக்கா. என் மேல சத்தியம்."

செவப்பிக்கு அன்று பார்த்து மடி கொள்ளாத பால். தீர்த்தம்மாள் கோடு வந்ததும் நிறுத்தினாள். பாதிக் குப்பி அவள் கையில் இருந்தது. காம்பில் பால் சொட்டிக்கொண்டிருக்கிறது, குப்பியில் இடம் கிடக்கிறது, நடுவில் ஒரு கறுப்புக் கோடு. ஐம்பது வருஷத்தில் அவள் யார் கையிலும் இப்படி ஒரு பாத்திரத்தைக் கொடுத்ததில்லை. செவப்பியின் முதுகை ஒருமுறை பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினாள்.

"சீக்கிரம் வாங்கிக்குங்க டாக்டரம்மா. என் கண்ணு முன்னால வச்சிருக்காதீங்க."

ரத்தமும் எடுத்தாயிற்று. காவியா பஸ்ஸில் ஏறும்போது அவள் பை கனத்தது. பிரித்துப் பார்த்தால், வாய்வரை தக்காளி.

வெள்ளிக்கிழமை முடிவோடு காவியாவே வந்தாள். வளையம் இல்லை. ரோஸ் பெங்காலில் இல்லை. எலிசாவிலும் இல்லை. முதல் முறை எலிசா ஏன் இழுத்தது என்று கேட்டதற்கு, சில நேரம் அளவு எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும், அதனால்தான் ஒரே சோதனையை நம்பி மாட்டின் தலையெழுத்தை எழுதக் கூடாது என்றாள் காவியா. அட்டவணையில் முப்பத்தேழாவது வரிசை ஒழுங்குக்கு வந்தது. கடைசிக் கட்டத்தில், 'கன்று வீசியதற்குக் காரணம்: தெரியவில்லை' என்று எழுதினாள்.

"ஏதாச்சும் எழுதுங்களேன் டாக்டரம்மா. அப்பிடியே வுட்டா நல்லாவா இருக்குது?"

"தெரியாததை எப்படிக்கா எழுதறது?"

தீர்த்தம்மாள் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி, வுடுங்க," என்றாள்.

எல்லாம் முடிந்ததென்று சனிக்கிழமை சங்கத்துக்குப் போனால், முனியப்பன் தாளை இரண்டுமுறை படித்துவிட்டு நிமிர்ந்தார். "இந்தத் தடவ பாலும் ரத்தமும் எப்ப எடுத்தாங்க?"

"ரெண்டும் காலையிலங்க."

"அப்ப சாயங்கால மாட்டுக்கு?"

நல்லவேளையாக வேறு மாட்டைப் பார்க்கக் காவியா அன்றும் ஊருக்கு வந்திருந்தாள். முனியப்பனோடு அவள் வாதாடவில்லை. மூன்று வாரத்தில் அவளும் ஊரைப் படித்திருந்தாள். பெயர் அச்சிட்ட தாள் ஒன்றை எடுத்து நிதானமாக எழுதினாள்: 'மேலே எண் குறிப்பிட்ட காது வில்லையை அணிந்த பசுவை நேரில் பரிசோதித்தேன். அது காலையிலும் மாலையிலும் ஒரே பசுவே என்று சான்றளிக்கிறேன்.' கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினாள்.

முனியப்பன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "இதத்தான மேடம் நான் மொதல்லருந்து கேக்கறேன்!" நகல் ஒன்றைத் தீர்த்தம்மாளிடம் கொடுத்தார்.

வீட்டு வாசலில் லாரி நின்றது. சின்னராஜ் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு தொழுவத்துப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்.

"காயிதம் எங்க?"

அவள் நீட்டினாள். அவர் முதலில் ஆய்வக முடிவைப் படித்தார். மூன்று 'இல்லை'. கயிறு கொஞ்சம் தளர்ந்தது. அடுத்து சான்றிதழைப் படித்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடி முன்பக்கம் படித்தார்.

"இதுல என்னா புள்ள எழுதியிருக்குது?"

"படிச்சீங்கள்ல. ரெண்டு வேளையும் ஒரே மாடுதான்னு."

"இதுக்குமா டாக்டரு?"

"முத்திரையும் குத்தியிருக்குது பாருங்க."

சின்னராஜ் லாரிக்காரரைப் பார்த்தார். லாரிக்காரர் சின்னராஜைப் பார்த்தார். "அப்ப ஏத்தறதா வேண்டாமாண்ணா?"

"மாடு ஏறாது," என்றாள் தீர்த்தம்மாள். "நீங்க உக்காருங்கண்ணா. மோர் குடிச்சிட்டுப் போலாம்."

சின்னராஜ் கயிற்றை லாரிக்குள் எறிந்துவிட்டுச் சட்டையைக் கழற்றினார். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. தீர்த்தம்மாள் செவப்பியிடம் போய் உட்கார்ந்தாள். கறந்து முடிந்ததும் கேனைத் தூக்கிக்கொண்டு சங்கத்துக்குக் கிளம்பியவர் சின்னராஜ்தான். கேன் கழுத்துவரை நிறைந்திருந்தது; ஒவ்வோர் அடிக்கும் அவர் வேட்டியில் தெறித்தது.

"கொஞ்சம் கொறச்சு ஊத்தக் கூடாதா?" என்று தெருவிலிருந்து கத்தினார்.

"பேசாம போங்க," என்றாள் அவள், லாரிக்காரருக்கு இரண்டாவது செம்பை நீட்டியபடி.